சிகிச்சைக்குப் பின்னரும் தொடரும் நெஞ்சுவலி

இருதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தியாகிவிட்டது. சிலருக்கு பைபாஸ் சத்திரசிகிச்சையும் முடிந்துவிட்டது. மருந்துகளும் தவறாது உட்கொள்ளப்படுகின்றன. ஆயினும் வெள்ளவத்தையில் கடற்கரையிலிருந்து காலி வீதியை நோக்கி நடக்கையில் அல்லது கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியொன்றின் படிகளில் ஏறுகையில் நெஞ்சு மீண்டும் இறுகுகின்றது. இத்தகைய நோயாளரில் ஒரு சாரார் மரணம் நெருங்கிவிட்டதென அஞ்சி வீட்டில் முடங்குகின்றனர். மறுசாரார் பழகிய வலிதானே என அலட்சியம் செய்கின்றனர். இரண்டுமே தவறானவை என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.

மருந்துகளாலும் ஸ்டென்ட், பைபாஸ் சிகிச்சைகளாலும் கட்டுப்படாது 3 மாதங்களுக்கு மேல் நீடிப்பதும், இருதயத் தசைக்கு இரத்தம் போதாமையால் ஏற்படுவதென உறுதிசெய்யப்பட்டதுமான வலியே சிகிச்சைக்குக் கட்டுப்படாத நெஞ்சுவலி எனப்படுகின்றது. இதனையொத்த வலி, ஆஞ்சியோகிராமில் தெரியாத நுண்ணிய குழாய்களின் கோளாறினாலும் ஏற்படலாம். இது பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றது. எனவே படத்தில் அடைப்பில்லை என்பதற்காக வலியைக் கற்பனை எனத் தள்ளுவது நியாயமன்று. இரத்தச்சோகை, தைரொயிட் மிகைச் சுரப்பு, உயர் குருதியமுக்கம் ஆகியனவும் வலியைத் தூண்டக்கூடுமாதலால் அவற்றை முதலில் பரிசோதித்தல் அவசியமாகும்.

அடுத்த படி, மருந்துகளை மீளாய்வு செய்வதாகும். நிக்கோரண்டில், ஐவாபிராடின், ரனோலசின் போன்றவற்றில் பொருத்தமானதை இருதய வைத்திய நிபுணர் தீர்மானிப்பார். புகைத்தலைக் கைவிடுதல், வைத்திய ஆலோசனையுடன் படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டுதல், அச்சத்தைத் தணிக்கும் உளவள ஆலோசனை ஆகியனவும் சிகிச்சையின் பகுதிகளே. இருதய நாளத்தை ஒடுக்கும் சிறு வலைக் கருவியொன்று வலி ஏற்படும் தடவைகளைக் குறைத்ததாக 2024இல் வெளியான பிரித்தானிய ஆய்வு கூறுகின்றது. எனினும் அது எல்லோருக்கும் உரியதன்று.

வலி தோன்றினால் உடனே அமர்ந்து, நாக்கின் கீழ் ஜீ.ரி.என். மாத்திரை ஒன்றை வைக்க வேண்டும். 5 நிமிடங்களில் தணியாவிடின் மற்றொன்றை வைக்கலாம். மேலும் 5 நிமிடங்கள் கழிந்தும் வலி நீடித்தால் தாமதியாது 1990 இலக்கத்தை அழைக்க வேண்டும். 2016இல் ஆரம்பிக்கப்பட்ட சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது. ஓய்விலிருக்கையில் வரும் வலி, வியர்வை அல்லது மூச்சுத்திணறலுடன் கூடிய வலி, வழமைக்கு மாறான வலி ஆகியவை மாரடைப்பாக இருக்கக்கூடும். இவற்றில் காத்திருத்தல் ஆகாது. இம்மாத்திரைகளை அவற்றின் கண்ணாடிப் போத்தலிலேயே வைத்து, திறந்து 8 வாரங்களின் பின் புதியவற்றைப் பெறவேண்டும். ஆண்மைக் குறைபாட்டு மாத்திரைகளுடன் இவற்றைப் பயன்படுத்துவது ஆபத்தானது.

நோன்பு காலத்தில் மருந்து வேளைகளைத் தாமாக மாற்றாது, ரமழானுக்கு முன்னரே வைத்தியரை நாடுதல் வேண்டும். நெஞ்சுவலிக்காக நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை, தொண்டையை அடைவதை விழுங்காதவிடத்து நோன்பை முறிக்காது என 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி தீர்மானித்தது. நோன்பை எண்ணி மாத்திரையைத் தவிர்த்து உயிராபத்தைத் தேடிக்கொள்ள வேண்டியதில்லை.

1768இல் ஆங்கிலேய வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் இந்நோயை முதன்முதலில் தெளிவாக விபரித்தபோது அவரிடம் எக்கருவியும் இருக்கவில்லை. நடக்கையில் வருகின்றது, நின்றால் தணிகின்றது என்ற நோயாளரின் வாய்மொழியே அவருக்கு ஆதாரமாயிற்று. இன்றும் இந்நோயில் நோயாளியின் சொல்லே முதற் பரிசோதனை. இறுக்கமா, எரிவா, பாரமா என்பதைத் தாய்மொழியில் கூற முடியாதவருக்குச் சரியான சிகிச்சை கிடைப்பது எங்ஙனம்? தமிழும் அரசகரும மொழியென 1987இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. தலைநகரின் அரச வைத்தியசாலைகளது இருதய கிளினிக்குகளில் தமிழில் உரையாடக்கூடிய ஒருவரேனும் எந்நாளும் இருப்பதைச் சுகாதார அமைச்சு உறுதிசெய்ய வேண்டும். அதுவரை, வலி வந்த நேரத்தையும் வேலையையும் அது நீடித்த நிமிடங்களையும் கொப்பியொன்றில் குறித்து, மொழி தெரிந்த ஒருவருடன் கிளினிக் செல்லுமாறு நோயாளரைக் கேட்டுக்கொள்கின்றோம்.