டெலிபோன் டைரக்டரியில் தொடங்கிய கதை

முதலில் வெப் வந்தது, அதைப் பார்த்துக் கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு குட்டி வெப் செய்துகொண்டன, அதற்குப் பெயர் இன்ட்ராநெட். நம்மில் பலர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் கதை கிட்டத்தட்டத் தலைகீழ். வெப் பிறந்ததே ஓர் ஆபீசுக்குள் இருந்த தொல்லையைத் தீர்க்கத்தான்.

அந்த ஆபீஸ், ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆராய்ச்சிக்கூடம். 1989 மார்ச்சில் அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ மேலிடத்துக்கு ஒரு திட்டக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். அவர் சொன்ன பிரச்சினை ரொம்ப எளிமையானது. ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்யும் இடம், ஆனால் பலர் இரண்டு வருஷம் போல இருந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் தெரிந்துவைத்திருந்ததெல்லாம் அவர்களோடு போய்விடுகிறது. புதிதாக வருகிறவருக்கு எதை யாரிடம் கேட்பது என்றே தெரியாது. மாற்றல் வேலையில் ஊர் ஊராகப் போகிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்!

அவருடைய மேலதிகாரி மைக் செண்டால், தெளிவாக இல்லை, ஆனாலும் ஆர்வமூட்டுகிறது என்கிற மாதிரி ஓரத்தில் எழுதிவைத்தார். 1990 கடைசியில் ஒரு நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் வெப் ஓடத் தொடங்கியது. சரி, யார் பயன்படுத்துவது? இங்கேதான் சுவாரசியம். 1991-ல் செர்னின் டெலிபோன் டைரக்டரியை அதில் ஏற்றினார்கள். அதுவரை ஒரு நம்பர் பார்க்க வேண்டுமென்றால் பெரிய மெயின்ஃப்ரேமுக்குள் நுழைய வேண்டும். அந்தத் தொல்லை தீர்ந்ததும் ஜனங்கள் வெப்பைத் திறக்க ஆரம்பித்தார்கள். பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை, யாரைக் கூப்பிடுவது என்கிற கேள்விக்குப் பதில்தான் அவர்களை உள்ளே இழுத்தது.

அதே 1989 டிசம்பரில் அமெரிக்காவில் லோட்டஸ் நோட்ஸ் வெளிவந்தது. அதன் வேர் 1973-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்து பிளேட்டோ கம்ப்யூட்டரில் எழுதப்பட்ட ஒரு குறிப்புப் பலகை. அங்கே படித்த ரே ஓஸி, அதை மனதில் வைத்துத்தான் நோட்ஸை உருவாக்கினார். 1995-ல் ஐபிஎம் 350 கோடி டாலர் கொடுத்து லோட்டஸ் கம்பெனியையே வாங்கியது. 2019-ல் நோட்ஸும் அதன் கூடப்பிறந்த சில மென்பொருள்களும் 180 கோடி டாலருக்கு எச்சிஎல் கைக்கு வந்தன. திருச்செந்தூர் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்த சிவ நாடார் தொடங்கிய அதே எச்சிஎல்தான். எங்கள் நொய்டாவில்தான் அதன் தலைமையகம். பிளேட்டோவில் ஆரம்பித்த சங்கதி எங்கெல்லாம் சுற்றி எங்கே வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள்!

இதற்கு நடுவில் 2001-ல் மைக்ரோசாஃப்ட் ஷேர்பாயின்ட்டைக் கொண்டுவந்தது. 2016-ல் ஃபேஸ்புக், ஆபீசுகளுக்கென்று வொர்க்ப்ளேஸ் ஆரம்பித்தது. 2024-ல் அதை மூடப்போவதாக அறிவித்துவிட்டது. 2021 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் 'விவா' என்ற பெயரில் ஊழியர் அனுபவத் தளம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதில் டாபிக்ஸ் என்று ஒரு பகுதி. எந்த விஷயம் யாருக்குத் தெரியும் என்பதைச் செயற்கை அறிவை வைத்துத் தானே தொகுத்துக் காட்டும். அதாவது பெர்னர்ஸ்-லீயின் அதே 1989 கேள்வி. 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

இவ்வளவையும் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் கம்பெனியின் பழைய இன்ட்ராநெட்டை இந்த மாதிரி ஒரு புதுத் தளத்துக்கு மாற்றும் குழுவில் நானும் இருக்கிறேன். வேலைக்குப் பெயரே 'மைக்ரேஷன்'. வீடு மாற்றுகிற மாதிரிதான், எதை ஏற்றுவது, எதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடுவது என்பதுதான் பாதி வேலை. எங்கள் விதி இது: உரிமையாளர் என்ற கட்டத்தில் இப்போது வேலையில் இருப்பவர் பெயர் இல்லையென்றால் அந்தப் பக்கம் புது வீட்டுக்கு வராது.

அப்படிக் கழிக்கவேண்டிய பட்டியலில் ஒரு பக்கம். திருநெல்வேலிக்காரர் ஒருவர் பல வருஷம் முன்னால் ஆரம்பித்தது. அவர் ரிட்டயராகி ஊருக்குப் போய்விட்டார். நொய்டாவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கான பக்கம் அது. நடு வருஷத்தில் குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், கேஸ் இணைப்புக்கு என்ன சான்று கேட்பார்கள், வீட்டுக்காரர் போலீஸ் வெரிஃபிகேஷன் என்றால் பயப்பட வேண்டுமா, இட்லி அரிசி எங்கே கிடைக்கும், ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு எப்படிப் போவது. வங்காளிகள், ஒடியாக்காரர்கள், மலையாளிகள் எல்லோரும் ஆளுக்கு நாலு வரி சேர்த்திருந்தார்கள். ராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் போகவேண்டிய ஆஸ்பத்திரியும் அதில் இருந்தது. பாஷை தெரியாத ஊரில் முதல் மாதத்தில் அந்த ஒரு வரியின் மதிப்பு என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

இது கம்பெனி விஷயமே இல்லையே என்றார்கள் மீட்டிங்கில். சம்பளச் சீட்டு, லீவு விண்ணப்பம், தலைவரின் வீடியோ எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேரும். அவற்றுக்கு ஒரு துறை பொறுப்பு. இந்தப் பக்கத்துக்குத்தான் நாதியில்லை. ஆனால் செர்ன் கதையைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஆட்கள் போன பிறகும் அவர்களுக்குத் தெரிந்தது தங்கவேண்டும் என்பதற்காகத்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. அந்தக் கணக்கில் எங்கள் இன்ட்ராநெட்டில் சொன்ன வேலையைச் செய்த பக்கம் இதுதான்.

உரிமையாளர் கட்டத்தில் இப்போதைக்கு என் பெயரைப் போட்டுவிட்டேன். புது வீட்டுக்கு அதுவும் வருகிறது. எனக்கு மாற்றல் வந்தால் வேறு யாராவது அவர் பெயரைப் போடவேண்டும்.

உங்கள் ஆபீசிலும் புதுத் தளம் வரப்போகிறது என்றால், பழையதை மூடுமுன் ஒரு தடவை உள்ளே சுற்றிப் பாருங்கள். போனவர்கள் நமக்காக எதையாவது எழுதிவைத்திருப்பார்கள்.