மாத்தளைத் தோட்டங்களும் குழந்தையின் நோயெதிர்ப்பாற்றலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிச் செய்கைக்கெனத் தமிழகத்திலிருந்து வந்தோர், மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் அம்மையும் வழியிலேயே பலரைக் கொன்றன. அவர்தம் சந்ததியினரிடையே நிகழ்ந்த குழந்தை மரணங்களுக்குத் தாய்மாரின் அறியாமையைக் காரணங்காட்டுவோர் இன்றும் உளர். அதனை நாம் ஏற்பதற்கில்லை.

கருவிலிருக்கும்போது தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப் புரதங்கள் பிறந்த சில மாதங்களிற் குறைந்துவிடும். அக்காலத்திற் குழந்தையின் குடலைக் காப்பவை சீம்பாலும் தாய்ப்பாலுமே. பின்னர் புரதமும் துத்தநாகமும் உயிர்ச்சத்து ஏயும் போதாவிடின் தைமஸ் சுரப்பி சுருங்கும், சின்னமுத்தும் உயிர்க்கொல்லியாகும். வயிற்றோட்டம் குழந்தையை மெலிவிக்கும்; மெலிவு மீண்டும் வயிற்றோட்டத்தை அழைக்கும். இச்சுழலை ஸ்கிரிம்ஷா, டெய்லர், கோர்டன் ஆகியோர் 1968இல் உலக சுகாதார நிறுவன வெளியீடொன்றில் விரிவாக ஆராய்ந்தனர்.

தாய்ப்பால் தாயின் நேரத்தையும் வேண்டிநிற்பது. தேயிலையாயினும் ரப்பராயினும் அவளது பகற்பொழுது தோட்டத்திற்குரியது. குழந்தையோ பிள்ளைக் காம்பராவிற் கிடந்தது. பால்கொடுக்க ஓடிவந்தவளின் கூடையில் அன்றைய கொழுந்து குறைந்தது. (அறியாமை பற்றிப் பேசுவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.)

1973இற் பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டது. கோதுமை மாவும் அரிதாயிற்று. காணியற்று, கூலியையே நம்பியிருந்த லயத்துக் குடும்பங்களுக்கு மரவள்ளி நடவும் நிலமில்லை. திரிபோஷா சத்துமாத் திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டிலேதான். எனினும் 1974இல் தோட்டங்களின் மரணவீதம் கிராமங்களினதை விஞ்சி ஏறிற்று. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களாற் குடியுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்டிருந்த அம்மக்களிற் பெரும்பாலோர்க்கு, அப்பசிக்குக் கணக்குக் கேட்கத் தாமே தெரிந்த ஒரு பாராளுமன்ற உறுப்பினர்கூட இருக்கவில்லை.