பேஸ் கித்தார் பெட்டி பளு இழந்த கதை



கோயில் திருவிழா இரவில் இசைக்குழு பாடும்போது பாடகரின் குரலையும் கீபோர்டையும் தபேலாவையும் நாம் தனித்தனியே கேட்கிறோம். இவற்றுக்கெல்லாம் அடியில், காதைவிட நெஞ்சில் அதிகமாகப் படும் ஓர் ஓசை ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவே பேஸ் கித்தாரின் ஓசை. பாரிட் புந்தார் வட்டாரத்தில் இதைக் கற்க விரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கித்தாரை எப்படியாவது வாங்கிவிடலாம். அதனோடு சேர வேண்டிய ஆம்ப்ளிபையரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் வாங்கும்போதுதான் பெற்றோரின் பணம் வீணாவதைப் பார்க்கிறோம். 'கனமாக இருந்தால்தான் சத்தம் வரும்' என்ற எண்ணம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் உண்மை என்பதை இன்று பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிரியான் மாவட்டத்துக் கரும்புத் தோட்டங்களிலும், அதன் பின் ரப்பர் தோட்டங்களிலும் வேலைக்கு வந்த நம் முன்னோரின் இசை திறந்த வெளிக்கு ஏற்ற இசை. உறுமியும் தவிலும் நாதசுரமும் மின்சாரம் கேட்டதில்லை. லயத்தின் ஒரு கோடியில் அடித்தால் மறுகோடியில் கேட்கும். மேல்நாட்டு நடனக் குழுக்களுக்கு இந்த வசதி இல்லை. அங்கே தாழ்ந்த சுரங்களை வாசித்தது டபுள் பேஸ் என்னும், ஆள் உயரத்தையும் மிஞ்சிய பெரிய மரக் கருவி. தூக்கிச் செல்வது பெரும்பாடு. அப்படித் தூக்கிச் சென்றாலும் ட்ரம்பெட் முழக்கத்தில் அது காணாமற் போய்விடும்.

1940களில் அமெரிக்காவில் எவரெட் ஹல் என்ற இசைக்கலைஞர் டபுள் பேஸ் நிற்கும் அடிக்கம்பிக்குள் ஒரு மைக்கைப் பொருத்தினார். 'பெருக்கப்பட்ட கம்பி' என்ற பொருள்பட அமைந்ததே 'ஆம்பெக்' என்ற பெயர். 1951இல் கலிபோர்னியாவின் லியோ பெண்டர் வேறு வழியில் போனார். மரக் கூட்டையே நீக்கிவிட்டு, தோளில் மாட்டக்கூடிய பிரிசிஷன் பேஸ் என்னும் மின் கித்தாரை வெளியிட்டார். மறு ஆண்டு, 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்ட பாஸ்மேன் என்ற ஆம்ப்ளிபையரும் வந்தது. கருவியின் பளு குறைந்தது, ஆனால் அந்தப் பளு பெட்டிக்கு மாறிற்று என்பதே நம் கணிப்பு.

அக்காலத்து ஆம்ப்ளிபையர்கள் வால்வில் இயங்கியவை. முதல் பாஸ்மேனின் ஆற்றல் 30 வாட்டுக்கும் குறைவு. அரங்குகள் பெரிதாகப் பெரிதாக அது போதவில்லை. 1969இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. என்னும் 300 வாட் ஆம்ப்ளிபையரை வெளியிட்டது. அதில் 14 வால்வுகள். ஆம்ப்ளிபையர் மட்டுமே ஏறக்குறைய 38 கிலோ. 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டைக் கொண்ட அதன் பெட்டியோ 60 கிலோவுக்கு மேல். லோரி இல்லாத குழு இதை நினைத்தும் பார்க்க முடியாது.

இவ்வளவு கனம் எதனால்? வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்க இரும்பு உள்ளகம் கொண்ட டிரான்ஸ்பார்மர் ஒன்று வேண்டும். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை மாற்ற இன்னொன்று வேண்டும். ஸ்பீக்கரின் பின்னால் பெரிய காந்தம். எல்லாவற்றையும் தாங்கத் தடித்த பலகை. ஆகவே கனத்துக்குக் காரணம் இரும்பும் மரமுமே.

தமிழ் மக்களுக்குப் பேஸ் கித்தாரை நெருக்கமாக்கியது திரைப்பட இசை. 1976இல் 'அன்னக்கிளி' வழியே அறிமுகமான இளையராஜா, பேஸ் கித்தாருக்குத் தனிப் பாதையே வகுத்தார். பாடகர் ஒரு வழியில் போக, பேஸ் வேறொரு மெட்டைப் பின்னிக்கொண்டு போகும். அவருடைய குழுவில் அதை வாசித்த சசிதரனின் விரல்களைத் தமிழுலகம் இன்றும் பேசுகிறது. அந்தப் பாடல்களை மேடையில் பாடும் எந்தக் குழுவுக்கும் பேஸ் இல்லாமல் முடியாது என்றாயிற்று. நமக்கு அருகிலுள்ள பினாங்கிலிருந்து புறப்பட்ட அலிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ்பெற்றதும் இதே காலத்தை ஒட்டித்தான்.

இனி பளு குறைந்த வழிக்கு வருவோம். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், ஸ்பீக்கரை நேராகவே இயக்க வல்லது. ஆகவே முதல் டிரான்ஸ்பார்மர் போயிற்று. 1970களிலிருந்து வால்ட்டர் வுட்ஸ் என்பவர் கலிபோர்னியாவில் கையால் செய்த சிறு ஆம்ப்ளிபையர்களைத் தேடிப் பிடித்து வாங்கியவர்கள் பெரும்பாலும் டபுள் பேஸ் கலைஞர்கள். பாவம், அவர்கள் ஏற்கெனவே ஒரு மரத்தைச் சுமந்தவர்கள் அல்லவா! 1980களின் தொடக்கத்தில் காலியன் குரூகர் நிறுவனத்தின் 800ஆர்.பி. சுமார் 11 கிலோ எடையில் 300 வாட் தந்தது.

சுவர் மின்சாரத்தை மாற்றும் டிரான்ஸ்பார்மர் மட்டும் மிஞ்சியது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. ஒரு தொட்டி ரப்பர் பாலைக் குறித்த நேரத்தில் காலி செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடை குறைவாக இருந்தால் பெரிய வாளி வேண்டும். ஓட்டமாக ஓடிப் பல நடை போனால் சிறு கோப்பையே போதும். 'சுவிட்சிங்' முறை என்பது இதுதான். மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புவதால், செங்கல் அளவு இரும்புக்குப் பதிலாகத் தீப்பெட்டி அளவு டிரான்ஸ்பார்மர் போதுமாகிறது.

ஒலியையே இப்படி வெட்டிப் பெருக்கும் முறைக்கு 'டி வகுப்பு' என்று பெயர். குழாயைப் பாதி திறந்து வைத்தால் அழுத்தம் வீணாகும். முழுதாகத் திறப்பதும் முழுதாக மூடுவதுமாக இருந்தால் வீணாகாது. டி வகுப்பில் வெப்பமும் குறைவு, வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியமும் குறைவு. இது புதிய எண்ணமன்று. 1964இலேயே இங்கிலாந்தின் கிளைவ் சின்கிளேர் இத்தகைய ஒன்றை விற்றுப் பார்த்தார். அன்றைய டிரான்சிஸ்டர்களுக்கு அந்த வேகம் இல்லை, முயற்சி தோற்றது. 2000க்குப் பிறகே அது பேஸ் மேடைக்கு வந்தது. 2001இல் இத்தாலியில் தொடங்கிய மார்க்பாஸ் நிறுவனத்தின் 'லிட்டில் மார்க் 2' சுவிட்சிங் மின்வழங்கியை மட்டும் கொண்டே 500 வாட் தந்தது. எடை 3 கிலோவுக்கும் குறைவு.

ஸ்பீக்கரின் பளுவைக் குறைத்தது நியோடிமியம் காந்தம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமித்தோமோவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்சும் இதைத் தனித்தனியே கண்டறிந்தன. 2011இல் இவ்வகைக் கனிமங்களின் விலை ஏறியபோது சில நிறுவனங்கள் பழைய காந்தத்துக்கே திரும்பின. ஆதலால் ஒரே தோற்றமுள்ள இரு பெட்டிகளின் எடை வெவ்வேறாக இருந்தால் வியப்படைய வேண்டாம்.

ஆனால் காற்று மட்டும் மாறவில்லை. பேஸ் கித்தாரின் மிகத் தடித்த கம்பி வினாடிக்கு 41 முறை அதிர்கிறது. அதன் ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். இதற்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சிறிய பெட்டி, ஆழ்ந்த ஓசை, குறைந்த மின்சாரத்தில் மிகுந்த சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம் என்பது ஹாப்மன் என்ற அறிஞர் பெயரால் வழங்கும் விதி. எனவே, ஆம்ப்ளிபையரை எவ்வளவு சிறியதாக வேண்டுமானாலும் வாங்கலாம். ஸ்பீக்கர் பெட்டியில் அளவோடு நிற்க வேண்டும். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று அல்லது 10 அங்குலம் இரண்டு, தொடங்குபவருக்குப் போதும் என்பது நம் கருத்து.

வாட் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் சற்றே கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். அதோடு, 500 வாட் என்பது பெரும்பாலும் 4 ஓம் இணைப்பில் கிடைக்கும் அளவு. 8 ஓம் பெட்டி ஒன்றை மட்டும் இணைத்தால் 300 வாட்டை ஒட்டித்தான் வரும். 8 ஓம் பெட்டிகள் இரண்டைச் சேர்த்தால் 4 ஓம். மூன்றாவதையும் சேர்த்தால் 3 ஓமுக்கும் கீழே இறங்கி, 4 ஓமுக்கு மட்டுமே செய்யப்பட்ட ஆம்ப்ளிபையர் சூடேறி நின்றுவிடும். கித்தார் வயரைக் கொண்டு ஸ்பீக்கரை இணைப்பதும் தவறு. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பி மெல்லியது.

திருவிழா மேடையில் இன்னொன்றும் உண்டு. கூட்டத்துக்குக் கேட்கச் செய்வது மேடையின் பெரிய ஒலிபெருக்கிகளின் வேலை. ஆம்ப்ளிபையரின் பின்புறமுள்ள 'டி.ஐ.' துளையிலிருந்து ஒரு வயரை ஒலியமைப்பாளரிடம் கொடுத்துவிட்டால், நம் பெட்டி மேடையில் நிற்பவர்களுக்கு மட்டும் கேட்டால் போதும். 60 கிலோவைச் சுமந்த காலத்தில் பல மேடைகளுக்கு இந்த வசதி இல்லை.

ஜெனரேட்டரில் வாசிக்கும் இடங்களில் உயிர் பற்றிய செய்தியைச் சொல்லியாக வேண்டும். வாசிப்பவர் கையில் இரும்புக் கம்பி. வாயருகே இரும்பு மைக். மூன்று முள் பிளக்கின் தரைக்கம்பியை இரைச்சல் வருகிறது என்று எவரேனும் துண்டித்திருந்தால், இவ்விரண்டுக்கும் நடுவே மின்சாரம் பாயலாம். தரைக்கம்பியை ஒருபோதும் துண்டிக்கக் கூடாது. மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் கருவி வழியாகவே மேடைக்கு மின்சாரம் வர வேண்டும். சுருட்டி வைத்த வயரை முழுவதும் பிரித்துப் போட வேண்டும், இல்லையேல் சூடேறும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெட்டியென்றால் 230 வோல்ட்டுக்கு உரியதா என்று பின்புறச் சீட்டைப் படித்த பிறகே சொருக வேண்டும்.

இலேசான பெட்டிக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுவோம். வால்வு ஆம்ப்ளிபையரைப் பட்டணத்து வானொலி பழுதுபார்ப்பவரே திறந்து சரிசெய்வார். டி வகுப்புப் பலகையில் உறுப்புகள் அரிசிமணி அளவு. கெட்டால் பெரும்பாலும் முழுப் பலகையையும் மாற்ற வேண்டும். ஆதலால் பழைய பொருளாக வாங்கும்போது கடையிலேயே அரைமணி நேரம் உரக்க வாசித்துப் பார்த்து, மாற்றுப் பலகை இங்கே கிடைக்குமா என்று கேட்டு வாங்குவது நல்லது. வாங்கிய பின், 3 கிலோ ஆம்ப்ளிபையரைப் பையில் வைத்துக் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாரிட் புந்தார் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறிப் பட்டர்வொர்த்துக்கே போய் வாசித்துத் திரும்பலாம். ஸ்பீக்கர் பெட்டி அங்கே இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.