சிப்பிச் சின்னத்தின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இலண்டன் மாநகரில் மார்க்கஸ் சாமுவேல் என்னும் யூத வணிகர் சிறு கடையொன்றை நடத்தி வந்தார். கீழ்த்திசைக் கடல்களினின்று வந்த சிப்பிகளை அவர் விற்றார். கடற்கரைக்கு இன்பச்செலவு சென்ற ஆங்கிலேயர், சிப்பி பதித்த சிறு பெட்டிகளை நினைவுப் பொருளாக விரும்பி வாங்கினர். இன்று உலகெங்கும் எண்ணெய் நிலையங்களின் முகப்பில் விளங்கும் 'ஷெல்' சின்னத்திற்கு வித்து அக்கடையே.

தந்தையின் பெயரையே தாங்கிய மகன் மண்ணெண்ணெய் வணிகத்தில் இறங்கியபோதும் சிப்பியை மறந்தாரல்லர். 1891இல் அவர் அனுப்பிய மண்ணெண்ணெய்க்கு 'ஷெல்' என்பதே வணிகப் பெயராயிற்று. மரப்பெட்டியில் அடுக்கிய தகரங்களில் எண்ணெயை அனுப்புவதே அந்நாளைய வழக்கம். அவரோ கப்பலின் வயிற்றிலேயே எண்ணெயை நிரப்பி, சூயஸ் கால்வாய் வழியாக அனுப்பத் துணிந்தார். 1892இல் கருங்கடல் துறைமுகமான பாத்தூமிலிருந்து ஏறத்தாழ 4,000 டன் மண்ணெண்ணெயுடன் புறப்பட்ட அக்கப்பலின் பெயர் 'முரெக்ஸ்'. அதுவும் ஒருவகை முட்சங்கின் பெயரே. சிங்கப்பூரை அடுத்த புக்கோம் தீவிலும் பாங்காக்கிலும் அச்சரக்கு இறங்கிற்று.

ஆயினும் வணிகத்தில் தேர்ந்த சாமுவேல் ஓரிடத்தில் பிழைபட்டார். எண்ணெய் வாங்க வருவோர் தத்தம் கலத்தைக் கொண்டுவருவர் என அவர் எண்ணியிருந்தார்; எவரும் கொண்டுவரவில்லை. அமெரிக்க ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் நீலத் தகரம், எண்ணெய் தீர்ந்த பின்னரும் கூரைக்கும் கூண்டுக்கும் பயன்பட்டது. எளிய மக்களுக்கு எண்ணெயைப் போலவே தகரமும் செல்வம்! உண்மையை உணர்ந்த சாமுவேல் தகரத் தகடுகளை வரவழைத்து, கீழ்த்திசையிலேயே தகரங்கள் செய்வித்து, அவற்றிற்குச் செந்நிறம் பூசச் செய்தார். பெயரைப் படிக்க அறியாதவரும் நிறம் கண்டு வாங்கினர். ஓவியர் எவரும் சின்னம் வரையுமுன்னரே, வாங்குவோர் கண்ணில் ஓர் அடையாளம் பதிந்துவிட்டது எனலாம்.

1897இல் நிறுவனம் முறையாகப் பதிவாயிற்று. 1901இல் மட்டியின் உருவம் சின்னமாயிற்று. 1904இல் விசிறிபோல் விரிந்த சிப்பி அதன் இடத்தைப் பெற்றது. இந்தியாவில் சாமுவேலின் மண்ணெண்ணெயை விற்ற கிரகாம் என்பாரின் குலச்சின்னத்திலிருந்து இவ்வுருவம் வந்தது என்பர். அவர் முன்னோர் ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ திருத்தலத்துக்கு யாத்திரை சென்றவராம். 1915இல் கலிபோர்னியாவில் நிலையங்கள் எழுந்தபோது சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தன. ஸ்பானிய மரபினர் மிகுந்த அம்மாநிலத்தில் ஸ்பெயின் கொடியின் நிறங்கள் விரும்பப்படும் என்று கருதினர் போலும்.

தொடக்கத்தில் மெய்யான சிப்பியைப் போலவே நுண்கோடுகளுடன் வரையப்பட்ட சின்னம், ஆண்டுகள் செல்லச் செல்ல எளிமை பெற்றது. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற ரேமண்ட் லோவி 1971இல் அதனைச் சில தடித்த கோடுகளாகச் சுருக்கினார். விரையும் ஊர்தியிலிருந்து நோக்குவோனுக்கும் அது தெளிவாகத் தெரியும். அருகில் பெயர் எழுதவேண்டிய தேவையும் நாளடைவில் நீங்கிற்று.

முரெக்ஸ் சரக்கிறக்கிய புக்கோம் தீவில் 1961இல் சிங்கப்பூரின் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. ஷெல் நிறுவனத்தின் அந்த ஆலை 2025இல் வேறு நிறுவனத்தாரிடம் கைமாறியது.