கேகாலைப் பாலும் படி விளிம்பும்

மாடிப்படியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் கறுப்பு இறப்பர் பட்டியை யாரும் நின்று பார்ப்பதில்லை. வங்கியிலும் வைத்தியசாலையிலும் புகையிரத நிலையத்திலும் அதன்மேல் கால் ஊன்றித்தான் ஏறி இறங்குகிறோம். சுமார் இரண்டு அங்குல அகலம், நீளவாக்கில் வரிவரியாகக் கோடு, படியின் முகப்பில் மடிந்து இறங்கும் சிறு உதடு. குறுக்கே வெட்டினால் ‘ட’வைக் கவிழ்த்து வைத்த வடிவம். ஹாட்வெயார் கடையில் ‘நோசிங்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அலுமினியத்திலும் பித்தளையிலும் பீவீசியிலும்கூட அது வருகிறது. நான் எழுத வந்தது இறப்பர்ப் பட்டியைப் பற்றி. இலங்கையில் அதன் கதையைத் தேடிப் போனால் கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களில், நம்மவர் கையில் பிடித்த கத்தியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

மரம் இந்த மண்ணுக்குரியது அல்ல. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசன் கரையிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரம்தான். அவற்றில் ஏறத்தாழ 2,000 நாற்றுகள் அதே ஆண்டில் கப்பலேறி இலங்கைக்கு வந்து, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தின்று தீர்த்துக்கொண்டிருந்த காலம் அது. மலை உச்சிகளைத் தேயிலை பிடித்துக்கொள்ள, வெயிலும் மழையும் மாறி மாறி வரும் தாழ்ந்த குன்றுகளை இறப்பர் பிடித்தது. யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல, ருவன்வெல்ல, புளத்கொஹுபிட்டிய, வரக்காபொல என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் காடுகள் வெட்டப்பட்டு, தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட குடும்பங்கள் லயங்களில் குடியேற்றப்பட்டன. களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய ரயில் பாதை 1903இல் யட்டியாந்தோட்டை வரை வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அந்தக் கிளைப் பாதையைப் பெயர்த்தெடுத்தார்கள். அதே போரில் மலாயா ஜப்பானியர் வசமானதும், நேச நாடுகளின் இறப்பர்ப் பசிக்கு இலங்கை மரங்களே முக்கிய தீனியாயின. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை, பாலை எடு என்ற கட்டளையோடு பட்டையைச் சீவினார்கள். 1952இல் சீனாவோடு செய்த இறப்பர் - அரிசி ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் போய், 2,70,000 தொன் அரிசி வந்தது. நாடு உண்ட அந்தச் சோற்றில் கேகாலைப் பால்வெட்டுக்காரர்களின் விடியற்காலைகள் இருந்தன. பாடப்புத்தகம் ஒப்பந்தத்தைச் சொல்கிறது, அவர்களைச் சொல்வதில்லை.

பால்வெட்டு என்பது பொறுமையான, நுணுக்கமான வேலை. நட்ட மரம் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். தண்டின் சுற்றளவு 50 சென்றிமீற்றரைத் தொட்ட பிறகே கத்தி வைப்பார்கள். வெயில் ஏறுமுன் மரத்தில் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும், பாலும் நன்றாக ஓடும். அதனால்தான் பொழுது புலரும்போதே மலையில் ஆள் இருக்கவேண்டும். முதலில், முந்திய வெட்டுக் கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நூலாக உரித்துப் பையில் போடுவார்கள். அதுதான் ஒட்டுப்பால், அதற்கும் விலை உண்டு. பிறகு இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சரியும் அதே கோட்டில் பட்டையை ஒரு மில்லிமீற்றர், ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புக்குச் சீவுகிறார்கள். பால் குழாய்கள் பட்டையின் உள்ளடுக்கிலேயே நெருக்கமாக இருக்கின்றன. எனவே கத்தி ஆழமாகப் போகவேண்டும். ஆனால் அதற்கும் உள்ளே, மரத்தைப் பருக்க வைக்கும் மெல்லிய வளர்படையைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முடிச்சுமுடிச்சாக வளரும், சில ஆண்டுகள் கழித்து அதில் மறுபடி வெட்ட முடியாது. பிடிப்பது கத்தியென்றாலும் அளவுகோல் விரல்தான். பால் வெள்ளைக் கோடாகக் கசிந்து, தகரக் காம்பு வழியே சிரட்டையில் சொட்டத் தொடங்கும்போது வெட்டுபவர் அடுத்த மரத்தில் இருப்பார். இப்படி ஒரு காலையில் இருநூறு, முந்நூறு மரம்.

மழை பெய்தால் வேலை இல்லை. நனைந்த பட்டையில் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். கேகாலையோ தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் மாவட்டம். மரத்தில் பொலித்தீன் பாவாடை கட்டி மழைநீரைத் திருப்பும் முறை வந்த பிறகு சில வெட்டு நாட்கள் மிஞ்சின. பெப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டும்போது பால் சுண்டிவிடும். 2019இலிருந்து இலையுதிர்வு நோய் ஒன்றும் சேர்ந்துகொண்டது. 2011இல் சுமார் 1,58,000 தொன்னாக இருந்த நாட்டின் இறப்பர் உற்பத்தி, 2023இல் அதில் பாதிக்கும் கீழே போனது. தேயிலை, இறப்பர் தொழிலாளருக்கு நாட்கூலி 1,000 ரூபாய் என்று எழுதிப் பெற 2021 மார்ச் மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாலை வாளியில் சேர்த்து, சரிவில் இறங்கி, ஸ்டோருக்குக் கொண்டுவருவார்கள். அதில் மூன்றில் ஒரு பங்களவுதான் இறப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். அரித்து, தண்ணீர் கலந்து ஒரே செறிவுக்குக் கொண்டுவந்து, தட்டுகளில் ஊற்றி போமிக் அமிலம் விட்டால் உறைந்துவிடும். அமிலம் விட்டுப் பாலை உறையவைக்கும் இந்த வழியை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தியவர்களில் ஒருவர் ஜோன் பார்கின். 1898, 1899 ஆண்டுகளில் பேராதனையில் இருந்தே அந்த வேலையைச் செய்தார். உறைந்த கட்டியை வழுவழுப்பான உருளைகளில் கொடுத்துத் தண்ணீரைப் பிழிந்து, கடைசியாகக் கோடு வெட்டிய உருளையில் விடுவார்கள். அந்தக் கோடுகளால் தாள் சீக்கிரம் காயும், ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு புகை வீட்டில், பெரும்பாலும் பழைய இறப்பர் மரத்து விறகையே எரித்து, சுமார் 50, 60 பாகை வெப்பத்தில் நாலைந்து நாள். தேன் நிறத்தில் வெளியே வரும் தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, குமிழியும் தூசும் பார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பார்கள். புகை போடாமல் வெளுப்பாகக் காயவைப்பது வெண் கிரேப். அதில் இலங்கைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் உண்டு. கறுப்புப் பட்டிக்குப் புகைத் தாளும் ஒட்டுப்பாலில் செய்த பழுப்புக் கிரேப்பும் போதும். மஞ்சள், சாம்பல் என்று நிறம் தெரியவேண்டிய பட்டிக்கு வெண் கிரேப்தான் வேண்டும்.

கொழும்பு ஏலத்துக்கோ நேரடி விற்பனைக்கோ போன பிறகு தோட்டத்தின் பெயர் அழிந்துவிடுகிறது. யட்டியாந்தோட்டைத் தாளும் களுத்துறைத் தாளும், இப்போது இறக்குமதி செய்யும் வெளிநாட்டு இறப்பரும் ஒரே அரைவை இயந்திரத்தில் விழுகின்றன. தோட்டமும் தொழிற்சாலையும் ஒரே கூரையின் கீழ் வருவதும் உண்டு. 1992இல் அரச தோட்டங்கள் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டபோது பிறந்த கேகாலை பிளான்டேஷன்ஸ், இன்று ரிச்சர்ட் பீரிஸ் குழுமத்துக்குள் இருக்கிறது. இறப்பர் மிதியடிகளும் போத்தல் மூடி வளையங்களும் செய்து ஏற்றுமதி செய்யும் குழுமம் அது. டயருக்குப் போகும் இறப்பரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். மிதியடி, குழாய் வளையம், படிப்பட்டி போன்ற சில்லறைச் சாமான்களாகவும் அதே பால்தான் வீடுகளுக்குள் நுழைகிறது.

தொழிற்சாலையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பச்சை இறப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குறை தீரும் என்று அமெரிக்கர் சார்ள்ஸ் குட்இயர் 1839இல் கண்டார். பட்டிக்கான கலவையில் கந்தகத்தோடு துத்தநாக ஒட்சைட்டு, ஸ்டியரிக் அமிலம், தேய்மானத்தைத் தாங்கக் கார்பன் கறுப்பு, விலையைக் கட்டுப்படுத்தக் களிமண் தூள் எல்லாம் சேரும். இரண்டு உருளைகளுக்கிடையே பிசைந்த மாவை, பட்டியின் வடிவத்தில் துளை வெட்டிய அச்சு வழியே தள்ளினால் நீளநீளமாக வெளியே வரும். இடியப்ப உரலில் நடப்பதும் அதுதான். பிறகு சூட்டில் வேகவைத்து உறுதியாக்குவார்கள். இறங்கி வரும் பட்டி நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் பதிந்து மீளும், குதிகால் ஊன்றினால் நெளியாது.

படி விளிம்பைப் பிடிப்புள்ளதாக்கும் வியாபாரம் பழையது. பிரித்தானியாவில் ஹேர்பர்ட் ஃபுரூட் 1897இல் குதிரை வண்டிகளுக்குத் தடுப்புக் கட்டை செய்யத் தொடங்கிய ஃபெரோடோ நிறுவனம், பின்னாளில் படி விளிம்புப் பட்டியும் விற்றது. சில்லை நிறுத்துவதும் காலை நிறுத்துவதும் உராய்வுதான்.

விளிம்பில் மட்டும் ஏன் ஒட்டுகிறார்கள்? மாடியிலிருந்து இறங்கும் ஒருவரின் பாதத்தைக் கவனியுங்கள். பாதம் முழுதும் படியில் அடங்குவதில்லை. விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, உடம்பின் பாரம் முழுவதும் விளிம்பின் கடைசி இரண்டு அங்குலத்தில் விழுகிறது. அந்த இடத்தில் வழுவழுப்பான மாபிளும் ஒரு துளி தண்ணீரும் இருந்தால் போதும். ஏறும்போது தவறினால் கையூன்றி முன்னால் விழுகிறோம். இறங்கும்போது தவறினால் பிடரியோ இடுப்போ படியில் அடிபடும். பட்டிக்கு இரண்டாவது வேலையும் உண்டு. மேலிருந்து பார்க்கும்போது ஒரே நிறப் படிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே தளமாகத் தெரியும். கண்புரை உள்ளவருக்கும் இரட்டைக் கண்ணாடி போட்டவருக்கும் எங்கே படி முடிகிறது என்று தெரியாது. பிரித்தானியக் கட்டட வழிகாட்டி, பொதுக் கட்டடங்களில் படியின் மேற்பக்கத்திலும் முகப்பிலும் 55 மில்லிமீற்றர் அகலத்துக்கு நிறம் பளிச்சென்று மாறித் தெரியவேண்டும் என்கிறது. இங்கே, மாற்றுத்திறனாளிகள் பொதுக் கட்டடங்களைப் பயன்படுத்துவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே கலாநிதி அஜித் பெரேரா தொடர்ந்த வழக்கில், 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவற்றை நடைமுறைப்படுத்தும்படி கட்டளையிட்டது. அவருக்குப் படி பயன்படாது. ஆனால் கட்டடம் என்பது உறுதியான கால் உள்ளவர்களுக்கு மட்டுமானதல்ல என்று அவர் வாதாடி வென்றதில், தடுமாறும் கால் உள்ள எல்லோருக்கும் பங்கு உண்டு.

ஒட்டுவதிலும் கவனம் வேண்டும். விளிம்பு உடைந்திருந்தால் முதலில் சீமெந்தால் நேராக்கி, தூசியை ஒட்டத் துடைத்து, பசையைப் படியிலும் பட்டியிலும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, ஒரு முனையிலிருந்து தட்டித் தட்டிப் பதிக்கவேண்டும். இடையில் காற்று அகப்பட்டால் அந்த இடம் புடைக்கும், சில மாதங்களில் பெயரும். பெயர்ந்து வாய் பிளந்து நிற்கும் பட்டி, பட்டியே இல்லாத படியைவிட ஆபத்தானது. சேலை ஓரமும் செருப்பு நுனியும் அதில்தான் மாட்டும். உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒன்று இருந்தால் இன்றே ஒட்டச் சொல்லுங்கள், முடியாவிட்டால் பிடுங்கிவிடச் சொல்லுங்கள்.

மறுபடி தோட்டத்துக்கு வருவோம். லயங்களும் பாடசாலையும் கோயிலும் பிள்ளைப் பராமரிப்பு நிலையமும் சரிவில்தான் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகப் படி ஏறவேண்டும், இறங்கவேண்டும். கருங்கல் அடுக்கியோ சீமெந்து பூசியோ செய்த படிகள். மழை மாதங்களில் அவற்றில் பாசி படரும். பால் வாளியோடு இறங்கும் பெண்ணும், இடுப்பில் பிள்ளையைத் தூக்கி வரும் பாட்டியும், இருட்டில் தண்ணீர் குடத்தோடு வருபவரும் அதில்தான் கால் வைக்கிறார்கள். உலகத்துப் படிகளுக்குப் பிடிப்பைக் கொடுக்கும் பொருளை மரத்திலிருந்து எடுத்துத் தருபவர்களின் சொந்தப் படியில் எந்தப் பிடிப்பும் இல்லை. நூறு ஆண்டுகளாக இதை யாரும் ஒரு குறையாக எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. இதை எழுதும்போது எனக்கு மனம் கொதிக்கிறது.

அதற்காக லயத்துப் படியில் இறப்பர்ப் பட்டி ஒட்டுங்கள் என்று சொல்லமாட்டேன். இயற்கை இறப்பர் வெயிலிலும் திறந்த காற்றிலும் வெடித்துப்போகும். ஈரச் சீமெந்தில் பசை நிற்காது. அது உள்வீட்டுப் படிக்கு உரியது. வெளிப்படிக்கு மருந்து வேறு, இன்னும் மலிவானது. சீமெந்து பூசும்போது கரணையால் வழித்து மினுக்காமல், ஈரமாக இருக்கையிலேயே தும்புத்தடியால் ஒரு இழுப்பு இழுத்துச் சொரசொரப்பாக்கலாம். விளிம்புக்கு அருகே ஒரு கம்பியை அழுத்தி எடுத்து இரண்டு மூன்று கோடு பதிக்கலாம். விளிம்பில் மஞ்சள் வர்ணம் ஒரு கோடு. தண்ணீர் தேங்காமல் முன்பக்கம் மெல்லிய சரிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, படிகளின் உயரம் ஒரே அளவாக இருக்கவேண்டும். அமெரிக்கக் கட்டட விதி ஒரே ஏற்றத்திலுள்ள படிகளுக்கிடையே 9.5 மில்லிமீற்றருக்கு மேல் உயர வித்தியாசத்தை அனுமதிப்பதில்லை. கால் முதல் இரண்டு படியில் உயரத்தைப் படித்துக்கொண்டு, மீதியைப் பார்க்காமலே நடக்கும் என்பதுதான் காரணம்.

இதற்கெல்லாம் வெளிநாட்டு உதவி வேண்டியதில்லை. தோட்டத்தில் கிடைத்த 7 பேர்ச் காணியில் வீடு கட்டும் குடும்பங்களே, கொத்தனார் படிக்குச் சீமெந்து பூச வரும் நாளில் பக்கத்தில் நின்று இவற்றைக் கேளுங்கள். பிரதேச சபை உறுப்பினர்களே, தொழிற்சங்கத் தலைவர்களே, அடுத்த முறை தோட்டத்துப் பாதைக்குப் பணம் ஒதுக்கும்போது படிகளையும் பட்டியலில் எழுதுங்கள், ஒரு பக்கக் கைப்பிடியோடு.