பழைய திரெட்டை எப்போது எழுப்பலாம்?

பிரிக்பீல்ட்ஸில் அறை வாடகைக்கு என்று 2014-இல் யாரோ போட்ட பதிவுக்குக் கீழே, “ரூம் இன்னும் இருக்கா?” என்று இன்று ஒருவர் கேட்டால் என்ன ஆகும்? அந்தப் பதிவு பட்டியலின் உச்சிக்கு வந்துவிடும். இணைய விவாதக் களங்களில் திரெட்டுகள் பெரும்பாலும் கடைசிப் பதில் வந்த நேரப்படிதான் வரிசையாகும், தொடங்கிய தேதிப்படி அல்ல. தேதியோ மூலையில் சின்னதாக இருக்கும். பார்ப்பவர்கள் புது விளம்பரம் என்று நினைத்து, பழைய எண்ணுக்கு அழைப்பார்கள். அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கலாம்.

இதைத்தான் ‘நெக்ரோ’ என்கிறார்கள். பிணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர்.

மலேசியாவில் இதற்கு நல்ல உதாரணம் 2002-இல் தொடங்கிய லோயாட் டாட் நெட். புக்கிட் பிந்தாங் பிளாசா லோயாட்டின் பெயர்தான், ஆனால் அந்தக் கடைத்தொகுதியின் தளம் இல்ல. அங்கே வங்கி வைப்புத்தொகை வட்டி பற்றிய திரெட் பல ஆண்டுகளாக ஓடுகிறது. நீண்டுபோனால் அடுத்த பாகம் திறப்பார்கள். அதில் இன்று எழுதுவது நெக்ரோ ஆகாது. வயசு பிரச்சினை இல்ல, பேச்சு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

‘பழசில் எழுதவே கூடாது’ என்று சிலர் பாய்வார்கள். அதுவும் சரியில்ல. விடை கிடைக்காமல் நின்றுபோன கேள்விக்கு உங்களிடம் தீர்வு இருந்தால், அங்கேயே எழுதுங்கள். கூகுளில் தேடி வருகிறவர் அங்கேதான் வந்து நிற்பார். வெறும் ‘அப்’, ‘எனக்கும் அதே பிரச்சினை’ என்பதெல்லாம் வேண்டாம். உங்கள் கேள்வி வேறு என்றால் புதுத் திரெட் திறந்து, பழையதன் இணைப்பைக் கொடுங்கள்.

புலனக் குழுக்களில் இதே பழக்கம் ஆபத்தாகிவிடும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிய காணொளியைத் தேதி இல்லாமல் இன்று அனுப்பினால், கிள்ளானில் இருக்கும் பாட்டி பதறிப்போவார். இரண்டு முறை ஏமாந்தவர், மூன்றாவது முறை உண்மையான எச்சரிக்கை வந்தாலும் நகரமாட்டார். அனுப்பும் முன் ‘இது 2021’ என்று ஒரு வரி சேருங்கள். சந்தேகமா? எம்சிஎம்சி 2017-இல் தொடங்கிய செபெனார்ஞா தளத்தில் தேடலாம். ஆற்று நீர்மட்டம் இப்போது எவ்வளவு என்பது வடிகால், நீர்ப்பாசனத் துறையின் ‘பப்ளிக் இன்ஃபோபாஞ்சிர்’ தளத்தில் இருக்கும்.