ஒளியை முந்தாத விண்கலம்

‘ஸ்டார் ட்ரெக்’ போன்ற தொடர்களில் விண்கலங்கள் ஒளியை முந்திப் பறந்து, சில நாட்களிலேயே வேறு நட்சத்திரங்களை அடைந்துவிடும். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1986இல் வெளிவந்த ‘த சோங்ஸ் ஒஃப் டிஸ்டன்ட் ஏர்த்’ நாவலில் இந்தக் குறுக்குவழியை ஏற்கவில்லை.

சூரியன் வெடிப்பதற்கு முன் பூமியை விட்டுப் புறப்படும் ‘மகெல்லன்’ கலம், ஒளியைவிட மெதுவாகவே செல்கிறது. பயணம் நூற்றாண்டுகள் நீள்வதால் பயணிகள் ஆழ்ந்த உறக்கநிலையில் வைக்கப்படுகிறார்கள். வெற்றிடத்திலிருந்து பெறும் சக்தியே கலத்தை உந்துகிறது. இது கிளார்க்கின் கற்பனை.

ஆனால் தூசியின் ஆபத்து கற்பனையல்ல. ஒளிவேகத்தின் ஐந்திலொரு பங்கில் செல்லும் கலத்தில் ஒரு கிராம் தூசி மோதினால், 400 தொன்னுக்கும் அதிகமான ரி.என்.ரி வெடிமருந்துக்குச் சமமான சக்தி வெளிப்படும். அதனால்தான் மகெல்லனின் முன்புறத்தில் பனிக்கட்டிக் கவசம் இருக்கிறது. அது தேய்ந்துபோக, கடல் சூழ்ந்த தலாசா கோளில் தரித்து, கடல்நீரை உறையவைத்துப் புதிய கவசம் அமைக்கிறார்கள்.

அந்த இடைவேளையில் கலத்தின் பொறியியலாளர் லோரனும் தலாசாவைச் சேர்ந்த மிரிசாவும் காதல் கொள்கிறார்கள். கவசம் முடிந்ததும் கலம் புறப்படுகிறது. லோரன் கண்விழிக்கும்போது மிரிசா மறைந்து வெகுகாலம் ஆகியிருக்கும். ஒளியை முந்த முடியாத பயணத்துக்கு இதுவே விலை.